சொல்லத் தெரியாத பல்வலி

ஸ்வீடன் நாட்டின் தென்பகுதியில் லுண்ட் என்றொரு பல்கலைக்கழக நகரம் இருக்கிறது. அங்கே 1935-இல் விபேஹோம் என்ற மருத்துவமனையைத் திறந்தார்கள். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களைப் ‘படிக்க வைக்க முடியாதவர்கள்’ என்று முத்திரை குத்திக் கொண்டுபோய்ச் சேர்க்கும் இடம் அது. 1940-களின் பிற்பகுதியில் அங்கிருந்தவர்களுக்குத் தினமும் டாஃபி கிடைக்க ஆரம்பித்தது. சிலருக்கு நாளொன்றுக்கு 8, சிலருக்கு 24. பல்லை விட்டு எளிதில் போகாதபடி, பிசுபிசுவென்று ஒட்டும் பதத்தில், அதற்கென்றே காய்ச்சிய டாஃபி.

பிரியத்தில் கொடுத்ததல்ல. சர்க்கரைக்கும் சொத்தைப் பல்லுக்கும் என்ன தொடர்பு என்று ஸ்வீடன் அரசாங்கத்துக்குத் தெரிய வேண்டியிருந்தது. சர்க்கரை, மிட்டாய்த் தொழில்காரர்களும் செலவில் பங்கு கொடுத்தார்கள். டாஃபி தின்றவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. பலருடைய பற்கள் உருத்தெரியாமல் போயின. 1954-இல் வெளியான ஆய்வறிக்கையில் 436 பேருடைய கணக்கு இருக்கிறது. எவ்வளவு சர்க்கரை தின்றோம் என்பதைவிட, ஒரு நாளில் எத்தனை தடவை தின்றோம், அது பல்லில் எவ்வளவு நேரம் ஒட்டிக்கொண்டிருந்தது என்பதே முக்கியம் என்று அது காட்டியது. சாப்பாட்டோடு சேர்ந்து போன சர்க்கரை பெரிய சேதம் செய்யவில்லை. சாப்பாட்டு வேளைகளுக்கு நடுவே தின்ற ஒட்டும் டாஃபிதான் பற்களை அரித்தது.

இந்த முடிவை வைத்துத்தான் ஸ்வீடன் குழந்தைகளுக்கு வாரத்தில் சனிக்கிழமை மட்டும் மிட்டாய் என்ற பழக்கம் பரவியது. இன்று உலகெங்கும் பல் டாக்டர்கள் சொல்லும் ‘நடுநடுவே இனிப்பு வேண்டாம்’ என்ற அறிவுரைக்கும் அதுவே அடித்தளம். ஆக, அறிவுசார் குறைபாடு உள்ள மனிதர்களின் பற்களை விலையாகக் கொடுத்து வாங்கிய அறிவு இது. அந்த அறிவு கடைசியாகப் போய்ச் சேரும் இடமும் அதே போன்ற குழந்தைகள் இருக்கும் வீடுகள்தான் என்பதை நினைத்தால் கொஞ்சம் கூச்சமாகவே இருக்கிறது.

உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, பால்பற்களில் சொத்தை உள்ள குழந்தைகள் உலகில் ஏறத்தாழ 51 கோடிப் பேர். அதனால் சொத்தை என்பது மாற்றுத்திறன் குழந்தைகளுக்கு மட்டும் வருகிற தனி வியாதியல்ல. வித்தியாசம், வந்த பிறகு என்ன நடக்கிறது என்பதில் இருக்கிறது. மற்றக் குழந்தை கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ‘அம்மா, பல்லு வலிக்குது’ என்று அழும். பேச்சு வராத குழந்தை என்ன செய்யும்? தலையைச் சுவரில் முட்டும். கையைக் கடித்துக்கொள்ளும். விரல்களை வாய்க்குள் திணிக்கும், ஊட்ட வந்த ஸ்பூனைத் தட்டிவிடும், ராத்திரியெல்லாம் தூங்காது. பார்க்கிறவர்கள் ‘இவனுக்கு இன்னைக்கு மூடு சரியில்லை’ என்பார்கள். டாக்டரிடம் போனாலும், எல்லாவற்றையும் குறைபாட்டின் கணக்கிலேயே எழுதிவிடும் ஆபத்து உண்டு. பழைய நடத்தை திடீரென்று மாறினால், மாத்திரையின் அளவைக் கூட்டுவதற்கு முன் டார்ச் அடித்து வாயைப் பார்ப்பது நல்லது. பல்லுப் போனால் சொல்லுப் போச்சு என்பார்கள். சொல்லே இல்லாத பிள்ளைக்கு அந்தப் பழமொழி உதவாது.

சொத்தை எப்படி உண்டாகிறது என்பதைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். ‘பல்லுல பூச்சி’ என்று பாட்டிமார் சொல்வது முழுத்தப்பு அல்ல. புழு இல்லை, ஆனால் உயிருள்ள ஒன்றுதான். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் போன்ற பாக்டீரியாக்கள் வாயிலுள்ள சர்க்கரையைத் தின்று அமிலத்தை வெளிவிடுகின்றன. வாயின் பி.எச். அளவு 5.5-க்குக் கீழே இறங்கினால் பல்லின் மேல்தோடான எனாமல் கரையத் தொடங்கும். உமிழ்நீர் மெல்ல அந்த அமிலத்தைக் கழுவி, கரைந்த தாதுவைக் கொஞ்சம் திருப்பி வைக்கும். இதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகலாம். அதற்குள் அடுத்த வாய் இனிப்பு வந்தால் உமிழ்நீர் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இப்போது மூளை முடக்குவாதம் உள்ள ஒரு குழந்தையின் நாளை எண்ணிப் பாருங்கள். ஒரு கிண்ணம் சாப்பாடு இறங்கவே முக்கால் மணி நேரம் பிடிக்கும். குழையப் பிசைந்த சோறு, பாலில் ஊறிய பிஸ்கட், வெல்லம் போட்ட கேழ்வரகுக் கஞ்சி, வாழைப்பழம் என்று எல்லாமே மெத்தென்று, எல்லாமே ஒட்டுகிற ரகம். நம் நாக்கு நாம் அறியாமலே கன்னத்து ஓரங்களைத் துழாவிச் சுத்தம் செய்துவிடுகிறது. தசைகள் சொன்னபடி கேட்காத குழந்தையின் நாக்கு அதைச் செய்யாது. மதியம் ஊட்டிய பருக்கை சாயங்காலம் வரை கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே கிடக்கும். எடை ஏற வேண்டுமே என்று இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஊட்டச் சொல்லியிருப்பார்கள். அது சரியான ஆலோசனைதான். ஆனால் ஊட்டி முடித்ததும் நாலு ஸ்பூன் வெறுந்தண்ணீர் கொடுங்கள், ஈரத்துணியைச் சுற்றிய விரலால் கன்னத்து ஓரத்தைத் துடையுங்கள் என்று கூடவே ஒரு வரி சேர்த்துச் சொல்வது அபூர்வம்.

மருந்தும் இந்தக் கதையில் ஒரு பாத்திரம். வலிப்புக்கும் அடிக்கடி வரும் சளி, காய்ச்சலுக்கும் கொடுக்கிற சிரப்களில் பல சர்க்கரைப் பாகில் கலந்தவை. கசப்பு தெரியாமல் இருக்க வேண்டும் அல்லவா? தூங்கப்போகிற நேரத்தில் கொடுத்துப் படுக்க வைத்தால், தூக்கத்தில் உமிழ்நீர் சுரப்பும் குறைந்திருக்க, அந்தப் பாகு விடிய விடியப் பல்லோடு இருக்கும். வருடக்கணக்கில் மருந்து தின்னும் குழந்தைக்கு இது சின்ன விஷயமல்ல. சர்க்கரையில்லாத வகையோ மாத்திரையோ கிடைக்குமா என்று கேட்கலாம். கிடைக்காவிட்டால் மருந்தை இரவுப் பல்துலக்கலுக்கு முன்னால் தள்ளிவிடலாம்.

வலிப்பு மருந்துகளில் ஃபெனிடாயினைத் தனியாகச் சொல்ல வேண்டும். அதைத் தொடர்ந்து உட்கொள்பவர்களில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு ஈறு தடித்து வளர்கிறது. சிலருக்குப் பல்லையே மூடிவிடும். வாய் சுத்தமாக இருந்தால் இந்த வளர்ச்சி மட்டுப்படும் என்பது தெரிந்த விஷயம். அதற்காக மருந்தைத் தானாக நிறுத்துவது பேராபத்து. மாற்று மருந்து உண்டா என்று நரம்பியல் டாக்டரிடம் கேட்பதே வழி. வேல்புரோயேட் சாப்பிடும் குழந்தைக்குச் சில வேளை ரத்தம் உறைவது தாமதப்படும். பல் பிடுங்குவதற்கு முன் பல் டாக்டருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். மருந்துச் சீட்டைக் கையோடு எடுத்துப்போகச் சொல்வது இதற்காகத்தான்.

இன்னொரு தவறான நம்பிக்கை, குழாய் வழியாக உணவு இறங்கும் குழந்தைக்குப் பல் துலக்க வேண்டியதில்லை என்பது. வாயால் எதுவும் சாப்பிடாத குழந்தைகளின் பற்களில்தான் காறை கெட்டியாகப் படிகிறது. அந்த வாயின் கிருமிகள் எச்சிலோடு மூச்சுக்குழாயில் இறங்கினால் நிமோனியா வரலாம். அவர்களுக்குப் பல் துலக்குவது நுரையீரலுக்கான வைத்தியமும்தான். நுரை வராத அளவுக்குத் துளி பேஸ்ட், தலை பின்னால் சாயாத நிலை, துடைத்தெடுக்க ஒரு துணி. இவை இருந்தால் போதும்.

எச்சில் ஒழுகுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. மூளை முடக்குவாதத்தில் பெரும்பாலும் எச்சில் அதிகம் சுரப்பதில்லை, விழுங்கத்தான் முடிவதில்லை. ஒழுகுவதை நிறுத்தக் கொடுக்கும் மருந்து வாயை உலர்த்தும். உலர்ந்த வாயில் சொத்தை வேகமாகப் பிடிக்கும். பல்லை நறநறவென்று கடிப்பதும் இந்தக் குழந்தைகளிடம் அதிகம். நம் ஊரில் அதற்கு உடனே பூச்சி மருந்து கொடுத்துவிடுவார்கள். வயிற்றுப் பூச்சிக்கும் பல் கடிப்பதற்கும் இவர்களிடம் பெரிய சம்பந்தமில்லை. தசை இறுக்கமும் சில வேளை எங்கோ இருக்கும் வலியுமே காரணம்.

டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளின் வாய் வேறு மாதிரி. ஒரு வயது தாண்டியும் முதல் பல் வராமல் இருக்கலாம். சில பற்கள் முளைக்காமலே போகலாம். சொத்தை மற்றக் குழந்தைகளைவிடக் குறைவாகவே காணப்படுகிறது. பெற்றோர் ஏமாறுவது இங்கேதான். பல் வெள்ளையாக இருக்கிறதே என்று நிம்மதியாக இருப்பார்கள், அடியில் ஈறு நோய் இளம் வயதிலேயே எலும்பைத் தின்றுகொண்டிருக்கும். கிருமியை எதிர்க்கும் வெள்ளணுக்கள் இவர்களிடம் சரியாக வேலை செய்யாதது ஒரு காரணம். வாயால் மூச்சு விடுவதால் ஈறு உலர்ந்துபோவது இன்னொன்று. துலக்கும்போது ரத்தம் வந்தால் பயந்து துலக்குவதை நிறுத்திவிடுகிறார்கள். செய்ய வேண்டியது நேர்மாறு. மென்மையான பிரஷ்ஷால் ஈறு விளிம்பைத் தவறாமல் சுத்தம் செய்தால் ஒன்றிரண்டு வாரத்தில் ரத்தம் குறையும். குறையாவிட்டால் டாக்டர். இந்தக் குழந்தைகளில் ஏறத்தாழ பாதிப்பேர் இருதயக் குறையோடு பிறக்கிறார்கள். சிலவகைக் குறைகளுக்குப் பல் பிடுங்குமுன் ஆன்டிபயாடிக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் ஈறிலிருந்து ரத்தத்தில் கலக்கும் கிருமி இருதயத்தில் போய்த் தங்கிவிடக்கூடும்.

ஆட்டிசம் உள்ள குழந்தைக்கோ, பெரும்பாலும் பல்லமைப்பில் குறையில்லை. உணர்வில்தான் சிக்கல். நமக்கு மென்மையாகத் தோன்றும் பிரஷ் அதற்கு உப்புத்தாள்போல உறைக்கலாம். பெப்பர்மின்ட் பேஸ்ட் நெருப்பாக எரியலாம். சில பயிற்சிகளில் சொன்னதைச் செய்தால் ஒரு கலர் மிட்டாய் என்று கொடுக்கிற வழக்கமும் உண்டு. ஒரு மணி நேரத்தில் பத்து மிட்டாய் போனால் அது விபேஹோம் டாஃபி செய்த வேலையைத்தான் செய்யும். மிட்டாய்க்குப் பதில் சோப்புக் குமிழி ஊதலாம், பிடித்த பொம்மையை ஒரு நிமிடம் கையில் கொடுக்கலாம். பயிற்சியாளரிடம் இதைச் சொல்லப் பெற்றோர் தயங்கத் தேவையில்லை.

இத்தனைக்கும் மருந்து ஒன்றுதான், தினம் இரண்டு வேளைத் துலக்கல். சொல்வது சுலபம். திமிறுகிற, வாயைப் பூட்டிக்கொள்கிற, பிரஷ்ஷைக் கடித்துப் பிடித்துக்கொள்கிற பிள்ளையிடம் அதைச் செய்கிற அம்மாக்களுக்குத்தான் அதன் கஷ்டம் தெரியும்.

முதலில், குளியலறையில் வாஷ்பேசின் முன்னால் நின்றுதான் துலக்க வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. சக்கர நாற்காலியில் இருக்கும் குழந்தைக்குப் பின்னால் நின்று, தலையை நம் மார்போடு அணைத்துக்கொண்டு துலக்கலாம். சின்னக் குழந்தையென்றால் இரண்டு பெரியவர்கள் முழங்காலோடு முழங்கால் ஒட்டி எதிரெதிரே உட்கார்ந்து, குழந்தையைக் குறுக்கே படுக்கவைத்து, ஒருவர் கைகளைப் பிடித்துக்கொள்ள மற்றவர் துலக்கலாம். குழந்தைகள் பல் டாக்டர்களே கையாளும் முறை இது. தானே பிடித்துத் துலக்க ஆசைப்படும் குழந்தைக்குப் பிரஷ்ஷின் காம்பு மெல்லியதாக இருப்பதுதான் தடை. சைக்கிள் கைப்பிடி ரப்பரைச் செருகிவிடலாம், பழைய ரப்பர் பந்தில் துளை போட்டு நுழைக்கலாம், துணியைச் சுற்றி ரப்பர் பேண்ட் போடலாம். பல்லின் முன், பின், மேல் மூன்று பக்கத்தையும் ஒரே இழுப்பில் தேய்க்கிற மூன்று தலை பிரஷ்கள் இணையக் கடைகளில் கிடைக்கின்றன. பத்து வினாடிதான் வாய் திறப்பான் என்கிற பிள்ளைகளுக்கு அது பெரிய உதவி.

ஆட்டிசம் உள்ள குழந்தையிடம் அவசரம் எடுபடாது. முதல் சில நாள் பிரஷ் உதட்டைத் தொட்டால் போதும். பிறகு முன்பல், அதன்பின் ஒரு பக்கத்துக் கடைவாய். ஒவ்வொரு படிக்கும் ஒரு படம் வரைந்து சுவரில் ஒட்டி, தினமும் அதே இடம், அதே நேரம், அதே எண்ணிக்கை. பத்து எண்ணியதும் நிறுத்திவிடுவேன் என்று சொன்னால் பத்தில் நிறுத்த வேண்டும். பதினொன்று எண்ணினால் மறுநாள் வாய் திறக்காது.

பேஸ்ட் விஷயத்தில் விளம்பரங்களை நம்ப வேண்டாம். பிரஷ் முழுக்க அலைபோல் பிதுக்கிக் காட்டுவது விற்பனைக்காக. மூன்று வயதுக்குள் ஓர் அரிசி மணி அளவு, மூன்று முதல் ஆறு வரை ஒரு பட்டாணி அளவு. அட்டைப்பெட்டியின் பின்புறம் ஃப்ளோரைடு 1000 பி.பி.எம். என்று இருக்கிறதா பாருங்கள். நுரையைத் துப்பினால் போதும், உடனே தண்ணீர் விட்டுக் கொப்பளித்து ஃப்ளோரைடை விரட்ட வேண்டாம். துப்பத் தெரியாத குழந்தைக்குத் துணியால் துடைத்தெடுக்கலாம். தருமபுரி, கிருஷ்ணகிரி போல நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு கூடுதலாக உள்ள பகுதிகளில் மட்டும் அளவைப் பற்றி டாக்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. வாந்தியோ எதுக்களிப்போ வந்த உடனே துலக்கக் கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வயிற்று அமிலத்தில் ஊறி மெலிந்த எனாமலைத் தேய்த்தெடுப்பதாகிவிடும். வாயைத் தண்ணீரால் துடைத்து, அரை மணியாவது பொறுக்க வேண்டும்.

இவ்வளவு செய்தும் சொத்தை வந்துவிட்டால்? டிரில் சத்தமும் ஊசியும் தாங்காத குழந்தையைக் கட்டிப்பிடித்து வைத்தியம் செய்தது ஒரு காலம். அந்தப் பயம் ஆயுசுக்கும் போகாது. இன்று டிரில்லே தொடாத வழிகள் இருக்கின்றன. சில்வர் டயமைன் ஃப்ளோரைடு என்ற திரவத்தைச் சொத்தையின்மேல் சின்னத் தூரிகையால் ஒரு சொட்டுத் தடவினால், வெள்ளி கிருமியைக் கொல்லும், ஃப்ளோரைடு பல்லை இறுக்கும், அரிப்பு பெரும்பாலும் நின்றுவிடும். சில நிமிட வேலை. ஜப்பானில் பல பத்தாண்டுகளாக இருந்த இந்த மருந்தை உலக சுகாதார நிறுவனம் 2021-இல் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்தது. குறை ஒன்று உண்டு. சொத்தை இருந்த இடம் கன்னங்கரேலென்று ஆகிவிடும். முன்பல்லில் அது வேண்டாம் என்று சில பெற்றோர் நினைக்கலாம். மயக்க மருந்து கொடுத்து ஆபரேஷன் தியேட்டருக்குள் அனுப்புவதோடு ஒப்பிட்டால், கடைவாயில் ஒரு கறுப்புப் புள்ளி அவ்வளவு பெரிய விலையல்ல.

இன்னொன்று ஹால் முறை. நார்னா ஹால் என்ற ஸ்காட்லாந்துப் பல் மருத்துவர் கையாண்டு பரவியது. சொத்தையைக் குடையாமல், மரத்துப்போகும் ஊசி போடாமல், பால்பல்லின்மேல் ஒரு ஸ்டீல் தொப்பியைச் சிமென்ட் வைத்து அழுத்திவிடுவது. உள்ளே மாட்டிக்கொண்ட கிருமிக்குத் தீனி கிடைக்காது. பல் தானாக விழும் வரை தாக்குப்பிடிக்கும். ‘பால்பல்தானே, விழட்டும்’ என்று விடுகிறவர்கள் கவனிக்க: கடைவாய்ப் பால்பற்கள் பத்துப் பன்னிரண்டு வயது வரை இருக்க வேண்டியவை.

கிளினிக்கின் சூழலையே மாற்றிப் பார்த்தவர்களும் உண்டு. லாஸ் ஏஞ்சலஸில் ஆட்டிசம் உள்ள 162 குழந்தைகளிடம் நடத்திய ஒரு சோதனையின் முடிவு 2023-இல் வெளிவந்தது. கண்ணைக் கூசும் விளக்கை அணைத்து, சுவரில் மெல்ல நகரும் ஒளிப்படம் காட்டி, இதமான இசை போட்டு, உடலை இறுக அணைப்பதுபோன்ற ஒரு போர்வை போர்த்தியபோது குழந்தைகளின் பதற்றம் கணிசமாகக் குறைந்தது. பெரிய இயந்திரம் எதுவும் தேவைப்படவில்லை. கண்ணுக்கு ஒரு கூலிங்கிளாஸ், காதுக்கு ஹெட்போன், மேலே ஒரு கனத்த போர்வை என்று நம்மூர்ச் சின்ன கிளினிக்கிலும் இதில் பாதியைச் செய்துவிடலாம். காது கேளாத குழந்தையிடம் பேசும்போது மாஸ்க்கைக் கொஞ்சம் இறக்கி உதட்டசைவைக் காட்டுவதற்கும், பார்வையில்லாத குழந்தையின் கையில் கண்ணாடிக் கருவியைக் கொடுத்துத் தடவிப் பார்க்கவிடுவதற்கும் செலவே இல்லை.

எங்கே போவது என்பது பலருக்கும் குழப்பம். பல் மருத்துவத்தில் குழந்தைகளுக்கென்றே மூன்று வருட மேற்படிப்பு இருக்கிறது. பெடோடான்டிக்ஸ் என்று பெயர்ப்பலகையில் எழுதியிருப்பார்கள். சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரியில் அந்தத் துறை இருக்கிறது, தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் கட்டணம் குறைவு. 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்கீழ் அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் வரும் மருத்துவக் குழு பார்க்க வேண்டிய நிலைகளில் பல் நோயும் ஒன்று. பள்ளிக்கே போகாமல் வீட்டில் இருக்கும் பிள்ளைதான் இதில் விடுபட்டுப்போகிறது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு நேஷனல் டிரஸ்ட் நடத்தும் நிராமயா காப்பீட்டில் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை செலவு ஈடுசெய்யப்படுகிறது. பல் நோய்த் தடுப்புச் செலவும் அதில் அடக்கம். நிராமயா அட்டை வைத்திருந்தும் பல் டாக்டரிடம் அதைப் பயன்படுத்தலாம் என்று தெரியாத குடும்பங்கள் இருக்கக்கூடும். தெரிந்தவர்கள் சொல்லி உதவலாம்.

சட்டமும் பக்கத்தில் நிற்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இன் 25-வது பிரிவு இரண்டு விஷயங்களைத் தெளிவாகச் சொல்கிறது. அரசு மருத்துவமனையோ தனியாரோ, எல்லாப் பகுதிக்கும் தடையில்லாமல் போய்வர வழி இருக்க வேண்டும். சிகிச்சையில் மாற்றுத்திறனாளிகளுக்கு முன்னுரிமை தர வேண்டும். மாடிப்படி ஏறித்தான் போக வேண்டிய பல் கிளினிக்குகள் நம் ஊர்க் கடைத்தெருக்களில் எத்தனை என்று எண்ணிப் பார்த்தால் முதல் விஷயத்தின் கதி தெரியும். இரண்டாவதையாவது கேட்டு வாங்கலாம். கூட்டமும் இரைச்சலுமாக ஒரு மணி நேரம் காத்திருந்த பிறகு எந்த ஆட்டிசக் குழந்தையும் வாய் திறக்காது.

முதல் பல் எட்டிப் பார்த்ததும், தாமதமானால் முதல் பிறந்தநாளுக்குள், ஒரு தடவை பல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். வலி வந்த பிறகு போகிற முதல் நாளைவிட, ஒன்றும் செய்யாமல் நாற்காலியில் உட்கார்ந்து விளக்கைப் பார்த்துவிட்டுத் திரும்புகிற முதல் நாள் எவ்வளவோ மேல். போன் செய்யும்போதே குழந்தைக்கு என்ன குறைபாடு, எதற்குப் பயம், எது பிடிக்கும் என்று சொல்லி, காலையில் முதல் ஆளாக நேரம் கேளுங்கள். போகும்போது மருந்துச் சீட்டு, யு.டி.ஐ.டி. எனும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, வீட்டில் துலக்குகிற பிரஷ் மூன்றும் பையில் இருக்கட்டும்.